நூற்றுக்கு ஆறு ரூபாய் எங்கே?

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உரிமை பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கல்வி உரிமை என்றவுடன் இடஒதுக்கீடு, நீட், தேசியக் கல்விக் கொள்கை ஆகிய மூன்றைத்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். மூன்றும் பேச வேண்டியவைதான். ஆனால் இன்றைக்கு நான் பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவன் நான். யார் கொடுத்தார்கள், யாருக்குப் போனது என்று பேரேட்டைப் புரட்டாமல் எனக்கு எதுவும் விளங்குவதில்லை.

நாடு முழுவதும் ஓர் ஆண்டில் உழைத்து உண்டாக்கும் மதிப்பை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறில் ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து கல்விக்கு எத்தனை ரூபாய் செலவழிக்கின்றன? இன்று நான் பேச வந்த கேள்வி இது ஒன்றுதான்.

ஏன் நூறில் எத்தனை என்று கேட்க வேண்டும்? எத்தனை கோடி என்று கேட்டால் போதாதா? போதாது. கோடியில் கேட்டால் ஒவ்வோர் ஆண்டும் ‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்றுதான் பதில் வரும். அது பொய்யும் அல்ல. விலைவாசியும் வருமானமும் ஏறிக்கொண்டே போகும் நாட்டில், சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எண் பெரிதாகத்தான் இருக்கும். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் கல்விக்கு 1,28,650 கோடி ரூபாய். கேட்கும்போது தலை சுற்றுகிறது. மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்வி என்பது ஆட்களின் உழைப்பு. கைபேசியைப் போல ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிற பொருள் அல்ல. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால் இன்றைக்கும் ஓர் ஆசிரியர்தான், இருபது ஆண்டு கழித்தும் ஓர் ஆசிரியர்தான். நாட்டின் வருமானம் ஏறினால் அந்த ஆசிரியரின் ஊதியமும் ஏறியாக வேண்டும். ஆகவே கல்விக்கான பங்கு ஏறாமல் நின்றுவிட்டால், அரசு ஒன்று ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது ஊதியத்தைக் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். முதலாவது அ.தி.மு.க. ஆட்சி, இரண்டாவது தி.மு.க. ஆட்சி. பங்கு ஏறாததன் பொருள் இதுதான்.

இந்த ஆறு விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1964 முதல் 1966 வரை தவுலத் சிங் கோத்தாரி தலைமையில் ஒரு கல்விக் குழு வேலை செய்தது. 1985-86-க்குள் நாட்டு வருமானத்தில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிடும் நிலைக்கு வர வேண்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொன்னது. 1968-இல் வந்த முதல் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. எப்போது செய்வோம்? கூடிய விரைவில் என்றார்கள். 1986 கொள்கை, எட்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து ஆறு விழுக்காட்டைத் தாண்டிவிடுவோம் என்றது. 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் மறுபடியும் ஆறு. 2020 கொள்கையிலும் அதே ஆறு, அதே கூடிய விரைவில். ஐம்பத்திரண்டு ஆண்டுகள், எத்தனையோ பிரதமர்கள், ஒரே வாக்குறுதி. இந்த நாட்டில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதானோ என்று சில நேரம் தோன்றும்.

உண்மையில் செலவு எப்படி நகர்ந்தது? கல்வி அமைச்சகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1951-52-இல் நூற்றுக்கு 64 காசு. 1970-71-இல் 2 ரூபாய் 11 காசு. 1990-91-இல் 3 ரூபாய் 84 காசு. நாற்பது ஆண்டுகளில் ஆறு மடங்கு. நேரு காலத்துக் குறைகள், இந்திரா காலத்துக் குறைகள் என்று ஆயிரம் சொல்லலாம், ஆனால் அந்தக் கோடு மேல்நோக்கிப் போனது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2000-01-இல் நான்கைத் தாண்டியது. ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி ஏறிய சம்பளத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மூன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

இன்றைக்கு எவ்வளவு? இங்கேதான் வேடிக்கை. 2020 கல்விக் கொள்கை, 2017-18 கணக்குப்படி 4.43 விழுக்காடு என்கிறது. ஒன்றிய அரசின் 2022-23 பொருளாதார ஆய்வறிக்கை 2.9 விழுக்காடு என்கிறது. ஒரே அரசு, இரண்டு கணக்கு. மற்ற துறைகள் கல்வி, பயிற்சி என்ற பெயரில் செய்யும் செலவையும் சேர்த்தால் பெரிய எண் கிடைக்கும், சேர்க்காவிட்டால் சின்ன எண். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வரவில்லை. நாட்டு வருமானம் ஏறத்தாழ 300 லட்சம் கோடி ரூபாய் என்ற அளவில், முதல் கணக்குப்படி ஆண்டுக்கு நாலரை லட்சம் கோடிக்கு மேல் பாக்கி. இரண்டாவது கணக்குப்படி ஒன்பது லட்சம் கோடிக்கு மேல் பாக்கி. இது ஓர் ஆண்டுப் பாக்கி மட்டும்.

கோடு எப்போது நின்றது என்பதைக் கவனியுங்கள். 1990. மண்டல் பரிந்துரை நடைமுறைக்கு வருவதாக அறிவித்த ஆண்டு. தலித், பழங்குடி, மிகவும் பிற்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்து முதல் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்குள் பெருமளவில் நுழைந்துகொண்டிருந்த காலம். அதே காலத்தில் நகரத்து மேல்சாதி நடுத்தர வர்க்கம் தன் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து கிட்டத்தட்ட முழுமையாக வெளியே எடுத்துக்கொண்டது. தாராளமயத்தின் நிதிச் சிக்கனமும் அப்போதுதான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. சாதிக்காகத்தான் பணத்தை நிறுத்தினோம் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. ஆனால் சிக்கனம் என்று வந்தால் எதில் முதலில் கை வைப்பார்கள்? தங்கள் பிள்ளை படிக்காத பள்ளியில்தான். கோத்தாரி குழு ஆறு விழுக்காட்டை மட்டும் தனியாகச் சொல்லவில்லை. எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே அண்மைப் பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறையையும் சேர்த்துத்தான் சொன்னது. இரண்டாவதை விட்டால் முதலாவது வராது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

1997-இல் ஒன்றிய நிதியமைச்சகம் மானியங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பொருளியலில் ‘மெரிட் பண்டம்’ என்று ஒரு வகைப்பாடு உண்டு. சமூகத்துக்கு நன்மை தருவதால் அரசு மானியம் கொடுக்கத் தகுந்த பண்டம் என்று அர்த்தம். தொடக்கக் கல்விக்கு அந்தத் தகுதியைக் கொடுத்த அறிக்கை, அதற்கு மேலான கல்வியை, கல்லூரி உட்பட, ‘மெரிட் அல்லாத பண்டம்’ பட்டியலில் வைத்தது. மெரிட் என்ற சொல்லை நம்மவர்கள் காதில் எப்படியெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகள் அவர்கள் படித்தபோது மெரிட். நாம் கல்லூரி வாசலில் வந்து நின்றதும் கல்லூரிக்கே மெரிட் போய்விட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பதில் நாம் முதல் ஆட்கள் அல்ல. 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு மனு கொடுத்தார். அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் வியர்வையிலிருந்து வருகிறது, மேல்தட்டினர் கொடுப்பது சொற்பம், ஆனால் கல்விச் செலவின் பலன் அவர்களுக்குத்தான் போகிறது என்பது அவர் வாதம். வரி கொடுப்பவன் ஒருவன், படிப்பவன் வேறொருவன். இந்தியாவில் கல்வி நிதி பற்றிய அரசியலை அவர்தான் தொடங்கிவைத்தார் என்பேன். 1917-இல் கோலாப்பூரில் சாகு மகாராஜ் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். பேரரசின் சட்டப் பேரவையில் கோகலேயின் கட்டாயக் கல்வி மசோதா தோற்றுப்போய் ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பேரரசுக்கு முடியாதது ஒரு சின்ன சமஸ்தானத்துக்கு எப்படி முடிந்தது?

1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் கல்வி மானியத்தின் மீது பேசினார். நூறு பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தால் நான்காம் வகுப்புக்கு வருவது பதினெட்டுப் பேர்தான் என்று காட்டினார். இன்னொரு கணக்கும் வைத்தார். கலால் வருவாயாக மக்களிடம் ஆளுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்கும் அரசு, கல்விக்கு ஆளுக்கு 14 அணாதான் செலவழிக்கிறது. ஒரு ரூபாய்கூட இல்லை. குடியிலிருந்து எடுக்கும் அளவையாவது படிப்புக்குக் கொடு என்றார்.

அந்த அளவுகோலை இன்றைய தமிழ்நாட்டில் வைத்துப் பார்ப்போமா? 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி. உயர்கல்வியின் 8,212 கோடியையும் சேர்த்தால்தான் அண்ணலின் தேர்வில் நாம் தட்டுத்தடுமாறித் தேறுகிறோம். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளைக்காரன் அரசுக்கு வைத்த தேர்வு அது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், அந்தக் கடைகளில் யாருடைய அப்பா நிற்கிறார் என்றும் யோசியுங்கள்.

‘பணம் இல்லை’ என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று நாம் எல்லோரும் அறிவோம். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில். அதற்கு அரசு சொன்ன நியாயங்களில் ஒன்று நிதி நெருக்கடி என்பது பலருக்கு நினைவில்லை. இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு பிள்ளைகள். கணக்கு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள். மீதிப் பாதி நாள் பிள்ளை எங்கே போகும் என்பதில்தான் வருணாசிரமம் ஒளிந்திருந்தது. சவரத் தொழிலாளியின் மகனுக்கு ஒன்று, துணி வெளுப்பவரின் மகளுக்கு ஒன்று. புரோகிதர் வீட்டுப் பிள்ளைக்கு மீதிப் பாதி நாளும் படிப்புதான். பெரியார் அதைச் சரியாகப் பிடித்தார். 1954-இல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் திட்டம் போனது. அதே ஏழை மாகாணம், அதே கஜானா. மூடுவதற்கு இல்லாத பணம் திறப்பதற்கு வந்தது, 1956-இல் சோறு போடவும் வந்தது. நிதி நெருக்கடி என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் என்ன திட்டம் வருகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

மறுபடியும் டெல்லிக்குப் போவோம். அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. அந்தப் பத்தாண்டு 1960-இல் முடிந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை என்றது. அப்படியானால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட தபஸ் மஜும்தார் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1999-இல் அது அறிக்கை கொடுத்தது. பத்தாண்டுகளில் கூடுதலாக 1,37,000 கோடி ரூபாய். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஒவ்வொரு பிள்ளையும் எட்டாம் வகுப்பு வரை படிக்க, அந்தக் காசுதான் குறைந்திருந்தது.

கொடுத்தார்களா? 2001-இல் அரசமைப்புத் திருத்த மசோதாவோடு வைத்த நிதிக் குறிப்பில் அந்தத் தொகை 98,000 கோடியாகச் சுருங்கியது. திருத்தம் 2002-இல் நிறைவேறியது, சட்டம் வந்து நடைமுறையானது 2010 ஏப்ரல் 1-இல். பிள்ளை பிறந்து முதல் வகுப்புக்கு வர ஆகும் காலத்தைவிட, உரிமை காகிதத்திலிருந்து பள்ளிக்கு வர அதிகக் காலம் ஆனது.

இதோடு 2019 செப்டம்பரை வைத்துப் பாருங்கள். ஒன்றிய அரசு கம்பெனிகளுக்கான வரியைக் குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே சொன்னார். அன்றைய நாட்டு வருமானம் ஏறத்தாழ 200 லட்சம் கோடி. நூற்றுக்கு 70 காசுக்கு மேல். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பிள்ளைகளுக்கு இல்லை என்று சொன்ன அதே அளவு பங்கு! அதற்குக் குழு அமைத்து, அறிக்கை வாங்கி, மசோதா வைத்து, பதினோரு ஆண்டுகள் ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள், முடிந்தது.

ஆறு விழுக்காடு நடக்காத காரியம் என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். ஒன்றியமும் மாநிலங்களும் வாங்கும் மொத்த வரியே நாட்டு வருமானத்தில் 17, 18 விழுக்காடுதான், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கல்விக்குக் கொடுக்க முடியுமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 18 என்ன இயற்கை விதியா? வாங்குகிற பல பொருள்களுக்கும் நம் சேரிக்காரர் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருக்கிறார். மேலே இருப்பவர்களின் சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் வரி இல்லை. புலே கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

வாங்குகிற வரியாவது வந்து சேர்கிறதா? 2004-இல் கல்விக்கென்று தனியாக 2 விழுக்காடு தீர்வை போட்டார்கள். 2007-இல் மேல்நிலை, உயர்கல்விக்கு என்று இன்னொரு விழுக்காடு. அந்த இரண்டாவது தீர்வையில் 2016-17 வரை வசூலான 83,497 கோடி ரூபாய் அதற்குரிய தனி நிதியில் போடப்படவே இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். நிதியத்தையே உருவாக்கவில்லை. தீர்வையின் இன்னொரு வசதி, அதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. கல்விச் செலவின் பெரும்பங்கைச் சுமப்பவை மாநிலங்கள். கல்வியின் பெயரால் வசூல் டெல்லிக்கு.

1976-இல் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனபோது, அதிகாரத்தோடு செலவும் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. அதிகாரம் மட்டும் போனது. பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்திவைத்தார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தச் சண்டையில் நான் மாநிலத்தின் பக்கம். ஆனால் டெல்லியைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நமக்குச் சுகமான பழக்கமாகிவிட்டது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் நிலைக்கு டெல்லியா காரணம்?

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1944-இல், அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது தொடங்கிய திட்டம் அது. நானும் அதில் படித்தவன்தான். படிப்பு முடிந்து அடுத்த ஆண்டு பணம் வரும், அதற்குள் கடன்காரன் வந்துவிடுவான். 2025-இல் அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக இருந்தது. 2013-இல் வைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் விலைவாசி எங்கே போய்விட்டது? வரம்பைத் தொடாமலேயே ஆண்டுதோறும் ஆட்களைக் கழற்றிவிடலாம், யாரும் வெட்டினேன் என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அரசாணை 92-க்காகத் தெருவில் நின்ற தோழர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது புரியும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுவார்கள். தமிழிலேயே இருக்கும், இணையத்தில் இலவசம். பள்ளிக் கல்வி, ஆதிதிராவிடர் நலம் இரண்டையும் எடுங்கள். பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று எண்கள் இருக்கும். போன பட்ஜெட்டில் அறிவித்த தொகை, பிறகு திருத்திய தொகை, அதற்கு முந்தைய ஆண்டு உண்மையில் செலவான தொகை. செய்தித்தாளில் வருவது முதல் எண் மட்டும். மூன்றாவது எண்ணை ஐந்தாண்டுகளுக்கு எழுதுங்கள். பக்கத்திலேயே மாநிலத்தின் மொத்த உற்பத்தியை எழுதி வகுத்துப் பாருங்கள். ஓர் இரவு வேலை. உங்கள் ஊரில் இருக்கும் நலப்பள்ளி ஒன்றுக்குப் போய் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு அதையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை தொகுதி உறுப்பினர் கூட்டத்துக்கு வந்தால் அந்தத் தாளோடு எழுந்து நில்லுங்கள்.

நேரம் முடிந்துவிட்டதென்று தோழர் கையைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தாளும் பேனாவும் வைத்திருக்கிற தோழர்கள் முன்னால் வாருங்கள், அந்த மூன்று எண்களும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று இப்போதே காட்டிவிடுகிறேன்.